மூலம்னு நினைச்ச ரத்தமும் லண்டன் ரிஜிஸ்டரும்

கடலூர்ல கேன்சர்னு பேச்சு எடுத்தா அடுத்த வார்த்தை சிப்காட். ஆலைக்குப் பக்கத்துல வாழ்றவங்க அப்படிக் கேட்கறதுல நியாயம் இருக்கு. ஆனா இன்னிக்குப் பேசப்போறது ஆலையே இல்லாத ஊர்லயும் வர்ற ஒரு கேன்சர். ரத்த சொந்தத்துல இறங்கி வர்றது.

1882-ல லண்டன் சர்ஜன் ஹாரிசன் கிரிப்ஸ் ஒரு விஷயத்தைப் பதிவு பண்ணினார். ஒரே வீட்டுல உடன்பிறந்த ரெண்டு பேருக்குக் குடல்ல பாலிப். பாலிப்னா குடலோட உள்சுவர்ல மரு மாதிரி வளர்ற சதை. வயசானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு இருக்கறது சகஜம். இந்த நோய்ல நூத்துக்கணக்குல வரும், சிலருக்கு ஆயிரக்கணக்குல. பெரும்பாலும் பள்ளிக்கூட வயசுலயே ஆரம்பிச்சுடும். அப்படியே விட்டா, 40 வயசு வாக்குல ஏதோ ஒண்ணு கேன்சரா மாறுறது கிட்டத்தட்ட நிச்சயம்.

1924-ல லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில இதுக்குன்னு ஒரு ரிஜிஸ்டர் தொடங்கினாங்க. அடுத்த வருஷம் லாக்ஹார்ட்-மம்மரிங்கற சர்ஜன் மூணு குடும்பங்களைப் பத்தி எழுதினார். நோயியல் நிபுணர் கத்பர்ட் டியூக்ஸும், லேப் உதவியாளரா சேர்ந்த பஸ்ஸிங்கற இளைஞரும் அதை வளர்த்தாங்க. வேலை ரொம்ப சிம்பிள். நோயாளிகிட்ட கேட்கணும்: கூடப்பிறந்தவங்க எத்தனை பேர், அப்பா எதுல போனார், அத்தை எந்த வயசுல போனாங்க? குடும்ப மரம் வரையணும். நல்லா இருக்கற சொந்தக்காரங்களையும் கூப்பிட்டுப் பார்க்கணும். பாலிப் குவிஞ்சிருந்தா கேன்சர் வர்றதுக்கு முன்னாடியே பெருங்குடலை எடுத்துடணும். மனுஷ செல்லுல 46 குரோமோசோம்னு சரியா எண்ணினதே 1956-லதான். அதுக்கு முன்னாடியே வெறும் பேனாவும் பேப்பரும் வெச்சு உயிர்களைக் காப்பாத்தியிருக்காங்க. பஸ்ஸி கடைசி வரைக்கும் அதை விடலை. 1975-ல அதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார்.

அதே 1925-ல நம்ம முத்துலட்சுமி ரெட்டி மேற்படிப்புக்காக லண்டன் போறாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் அவங்க தங்கை மலக்குடல் கேன்சர்ல இறந்திருந்தாங்க. முதல்ல அதைச் சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் பார்த்திருக்காங்க. அந்த இழப்போட தொடர்ச்சிதான் 1954-ல சென்னையில பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கைக்கு வந்தது பரம்பரை வகைன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நான் சொல்ல வர்றது அந்தத் தப்பான பேரைப் பத்தி. இன்னிக்கு 25 வயசுல மலத்துல ரத்தம் போனா நம்ம வீட்டுல என்ன சொல்வாங்க? "உடம்பு சூடுடா, மூலம். மோர் குடி." பாதி நேரம் அது உண்மையாவும் இருக்கும், அதுதான் சிக்கல்.

1991-ல ஏபிசிங்கற மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம பாஷையில சொன்னா, செல் வளர்ச்சிக்கு அது பிரேக். ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு காப்பி இருக்கும். இவங்களுக்குப் பிறக்கும்போதே ஒண்ணு கரப்ட். பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி, மிச்சம் இருக்கற ஒண்ணும் போற இடத்துல பாலிப் முளைக்குது. பையனோ பொண்ணோ, ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா அம்மாவுக்கு இல்லாம புதுசா வர்றவங்களும் உண்டு.

"மாமா பொண்ணைக் கட்டினதால வந்ததா?" ஏபிசிக்கு அது காரணமில்லை, ஒரு காப்பி கெட்டாலே போதும். ஆனா 2002-ல கண்டுபிடிச்ச இன்னொரு வகை பாலிப் நோய்க்கு ரெண்டு காப்பியும் கெட்டிருக்கணும். சொந்தத்துல கட்டினா அதுக்கு வாய்ப்பு கூடும்.

ஜாதகத்துல ஏழு தலைமுறை பேசற நாம, சித்தப்பா எதுல போனார்னு கேட்டா "வயித்து வலி"ன்னு முடிச்சிடுறோம். பொண்ணுக்கு வரன் தட்டிப்போயிடும்னு பயம். அந்த பயத்தை நான் கேலி பண்ணலை. ஆனா அந்த ஒரு பதில் கிடைச்சா, 10, 12 வயசுலயே அந்த வீட்டுக் குழந்தைகளுக்குக் குடல் பரிசோதனை ஆரம்பிக்கலாம். கடலூர்ல இருந்து பாண்டி ஜிப்மர் ஒரு பஸ் தூரம், சிதம்பரத்துல இருந்து இன்னும் கொஞ்சம் கூட. குடலுக்குன்னு தனித் துறையே அங்க இருக்கு. நோய் வந்தவருக்கு மரபணுவுல எந்த இடத்துல தப்புன்னு தெரிஞ்சிட்டா, மத்தவங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அந்தத் தப்பு இல்லைன்னு வந்த குழந்தையை வருஷா வருஷம் ஸ்கோப் போட்டுப் படுத்த வேண்டியதில்லை.