ஓநாய்க்குத் தப்பியது, ஜீப்புக்குத் தப்பவில்லை

அரேபியப் பாலைவனத்தில் ஓரிக்ஸ் என்றொரு வெள்ளை மான் உண்டு. (சரியாகச் சொன்னால் மறிமான்.) பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கொம்பும் ஒன்றாகத் தெரியும். ஒற்றைக்கொம்புக் குதிரைக் கதைகளே இதைப் பார்த்துத்தான் பிறந்தன என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்!

இதன் இயற்கை எதிரி ஓநாய். ஆனால் அரேபிய ஓநாயின் எடை ஏறக்குறைய 20 கிலோதான். ஓரிக்ஸோ 70 கிலோ. கூடவே ஈட்டி போன்ற நீண்ட கொம்புகள். எனவே ஓநாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் கன்றுதான். அதையும் தாய் புதர் நிழலில் ஒளித்துவைத்து, பாலூட்ட மட்டுமே திரும்பி வரும். எங்கோ தொலைவில் மழை பெய்தால் புல்லைத் தேடி அங்கே நடந்துவிடும். தண்ணீர் குடிக்காமலே பல மாதங்கள் வாழும். வெயிலைத் திருப்பியடிக்கும் அந்த வெள்ளைத் தோல், கூட்டத்தினர் ஒருவரையொருவர் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளவும் உதவுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தோலே எமனாக வந்தது. அதற்கு முன் ஒட்டகத்தில் போய் ஓர் ஓரிக்ஸை வீழ்த்துவது பெரிய வீரச்செயல். ஜீப்பும் தானியங்கித் துப்பாக்கியும் வந்தபிறகு அதில் என்ன வீரம் இருக்கிறது? ஒளிய மரமில்லாத சரளைச் சமவெளி. துரத்துபவனைத் திரும்பி நின்று எதிர்கொள்வது ஓரிக்ஸின் வழக்கம். ஓநாயிடம் எடுபட்ட அந்தத் துணிச்சல் துப்பாக்கியிடம் எடுபடவில்லை. 1972-இல் ஓமானின் ஜித்தாத் அல்-ஹராஸிஸ் பகுதியில் கடைசிக் காட்டு ஓரிக்ஸ்களும் சுடப்பட்டன.

நல்லவேளையாக, 1962-இலேயே சில விலங்குகளைப் பிடித்து, லண்டன், குவைத், சவூதி அரேபியாவிலிருந்து கிடைத்தவற்றையும் சேர்த்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். மொத்தமே ஒன்பதுதான். அவற்றின் வழிவந்தவை 1982-இல் ஓமானுக்குத் திரும்பின. காவலர்கள் யார் தெரியுமா? அதே மண்ணின் ஹராஸிஸ் பழங்குடியினர். 1996-இல் எண்ணிக்கை 450 ஆனது.

ஆனால் அதே ஆண்டில் திருட்டும் ஆரம்பித்தது. இம்முறை கொல்ல அல்ல, தனியாருக்கு உயிரோடு விற்க. 2007-இல் மிஞ்சியவை 65. சரணாலயத்தின் பரப்பையும் அரசு 90 சதவீதம் குறைத்துவிட, யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். ஓநாயைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை.

அப்படியானால் வேலி போட்டுக் காப்பாற்றலாமே? சவூதியின் மஹாஸாத் அஸ்-ஸெய்த் காப்பகத்தில் 1990 முதல் அப்படித்தான் செய்தார்கள். வேட்டைக்காரன் உள்ளே வரவில்லை. ஆனால் வறட்சி வந்தபோது மழையைத் தேடிப் போக முடியாமல் நூற்றுக்கணக்கான ஓரிக்ஸ்கள் வேலிக்குள்ளேயே பட்டினியால் இறந்தன.

மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் குதிரைக்கும் இதே கதைதான். அங்கே 'தாகி' என்று அழைக்கப்படும் பிரசெவால்ஸ்கி காட்டுக்குதிரை, ஓநாய் வந்தால் குட்டிகளை நடுவில் விட்டு வளையமாக நிற்கும். ஆண்குதிரை வெளியே சுற்றிவந்து விரட்டும். அந்த வளையத்தால் வேட்டையையும், நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்ட கால்நடைகளையும், கொடிய குளிர்காலங்களையும் தடுக்க முடியவில்லை. 1969-க்குப் பிறகு காட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஐரோப்பிய விலங்குக்காட்சிச் சாலைகளில் பிழைத்திருந்தவற்றின் வாரிசுகள் 1992-இல் மங்கோலியாவுக்குத் திரும்பின.

கோபியில் விடப்பட்டவை நன்றாகவே பெருகின, 2009-10 குளிர்காலம் வரை. அந்த ஆண்டு புல்லை மூடிய பனி விலகவே இல்லை. பாதிக்கும் மேற்பட்ட தாகிகள் மாண்டன. ஆனால் அதே பாலைவனத்தின் காட்டுக்கழுதைகள் ஏறக்குறைய சேதமின்றித் தப்பின! அவை பனி குறைந்த பக்கமாக நடந்துவிட்டன. தாகிகளோ தாங்கள் பழகிய சிறு பகுதியை விட்டு நகரவில்லை.

அந்த இழப்பை ஈடுசெய்ய, பிராக் விலங்குக்காட்சிச் சாலை 2012 முதல் 2019 வரை புதிய குதிரைகளைக் கோபிக்கு அனுப்பியது. அவை வந்து இறங்கியது செக் நாட்டு ராணுவ விமானத்தில்.