மதிலும் மனிதரும்: தர்ஸூஸ் எல்லை அரண்கள் தரும் பாடம்

1940ஆம் ஆண்டு ஜெர்மானியப் படைகள் பெல்ஜியம், லக்ஸம்பர்க் வழியே சுற்றிவந்து பிரான்ஸுக்குள் நுழைந்தன. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டப்பட்ட மாஜினோ அரண்வரிசையால் நாட்டைக் காக்க இயலவில்லை. எல்லையில் நிலையான கோட்டைகளைக் கட்டுவது வீண் என்னும் கருத்து அதன்பின் வேரூன்றிவிட்டது. இது ஆறு வாரப் போர் ஒன்றைக் கொண்டு எழுதப்பட்ட தீர்ப்பு. ஏறத்தாழ 180 ஆண்டுகள் சோதனைக்கு உள்ளான எல்லை அரண்கள் இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. அவற்றின் சாட்சியத்தையும் கேட்பதே முறையாகும்.

இன்றைய துருக்கியின் தென்பகுதியில் உள்ள தாரஸ் மலைத்தொடர், அப்பாஸியருக்கும் பைசாந்தியருக்கும் இடையே எல்லையாக நின்றது. அதன் கணவாய்களை நோக்கித் தர்ஸூஸ், அதனா, மஸ்ஸீஸா ஆகிய நகரங்களும், கிழக்கே மர்அஷ், ஹதஸ், மலத்யா ஆகியனவும் அரண்களாக அமைந்தன. அரபியர் இவற்றை 'ஸுகூர்' என்றனர். இதன் ஒருமையான 'ஸக்ர்' என்னும் சொல்லுக்கு மதில் என்பது பொருளன்று. இடைவெளி, பகைவன் புகக்கூடிய திறப்பு என்பதே பொருள். அங்குக் காவலிருத்தலைக் குறிக்கும் 'ரிபாத்' என்னும் சொல், கட்டுதல் என்னும் வேரிலிருந்து பிறந்து, குதிரைகளைக் கட்டி ஆயத்தமாக நிற்றலைச் சுட்டுகிறது. இவ்விரு சொற்களிலும் கல்லைப் பற்றிய பேச்சே இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஹிஜ்ரி 170இல் (கி.பி. 786) ஆட்சிக்கு வந்த கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் இந்த ஏற்பாட்டுக்கு முறையான வடிவம் தந்தார். முன்வரிசை அரண்களுக்குப் பின்னால் மன்பிஜ், அன்தாக்கியா முதலிய நகரங்களை இணைத்து 'அவாஸிம்' என்னும் தனி மாகாணத்தை உருவாக்கினார். முன்னிற்போருக்குத் துணைப்படை அனுப்புவதும், பின்வாங்குவோருக்குப் புகலிடம் தருவதும் அதன் பணி. பாழடைந்து கிடந்த தர்ஸூஸ் புதுப்பிக்கப்பட்டு, அங்குக் குராஸான் வீரர்கள் குடியமர்த்தப்பட்ட செய்தியைப் பலாதுரீ பதிவு செய்துள்ளார்.

இக்கோட்டைகள் பெரும்படை ஒன்றை முற்றிலும் தடுத்து நிறுத்தவில்லை. பைசாந்தியர் பலமுறை ஊடுருவினர். 837இல் ஸிபத்ரா நகர் சூறையாடப்பட்டது. ஆயினும், வீழாத கோட்டையைப் பின்னால் விட்டு முன்னேறும் படைக்கு உணவு வரும் வழியும் திரும்பிச் செல்லும் வழியும் ஆபத்தில் இருக்கும். கோட்டை பகைவனைத் தாமதப்படுத்தியது. பின்னிருந்தோருக்கு ஆயத்தமாகக் காலம் தந்தது. எதிர்நடவடிக்கைக்குத் தளமாகவும் விளங்கியது.

அக்காலத்தைப் பயன்படுத்த மனிதர்கள் இருந்தனர். சிஜிஸ்தான் முதல் மக்ரிப் வரையிலான ஊர்களின் பெயரால் தர்ஸூஸில் விடுதிகள் இருந்ததையும், அந்தந்த ஊரார் அவற்றில் தங்கிக் காவல் புரிந்ததையும், அவர்களுக்கு ஊரிலிருந்து பொருளுதவி வந்ததையும் பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் விவரிக்கிறார். ஹதீஸ் அறிஞர் அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) (மறைவு 797) போன்றோரும் இந்த எல்லையில் ரிபாத் இருந்தனர். கலீஃபா மஃமூன் 833இல் போர்ப் பயணத்தில் மரணித்துத் தர்ஸூஸிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சரிவு உள்ளிருந்தே தொடங்கியது. 900ஆம் ஆண்டு, உள்நாட்டுக் கலகம் ஒன்றைத் தொடர்ந்து கலீஃபா முஃததித், தர்ஸூஸின் கப்பல்களை எரிக்க ஆணையிட்டார். பெரும்பொருட் செலவில் உருவான சுமார் 50 கப்பல்கள் நம்மவர் கையாலேயே சாம்பலாயின. 934இல் மலத்யா வீழ்ந்தது. 945இல் பக்தாத் புவைஹிகளின் பிடிக்குள் சென்றது. எல்லையைக் காக்கும் சுமை ஹலப் சிற்றரசர் ஸைஃபுத் தவ்லா ஒருவரின் தோள்மீது விழுந்தது. 962இல் ஹலப் நகரமே சூறையாடப்பட்டது.

965ஆம் ஆண்டு பேரரசர் நிகெஃபோரஸ் ஃபோகாஸ் மஸ்ஸீஸாவைக் கைப்பற்றியபின் தர்ஸூஸை நெருக்கினார். ஸைஃபுத் தவ்லாவோ நோயாலும் கலகங்களாலும் தளர்ந்திருந்தார். இருமடி மதில் கொண்ட அந்நகரின் வாயிலைத் திறந்தது பசியேயாகும். மக்கள் சுமக்க முடிந்ததைச் சுமந்துகொண்டு அன்தாக்கியா நோக்கிப் புறப்பட்டனர். நகர் பணிந்து மூன்று நாட்களுக்குப் பின்னரே எகிப்திலிருந்து உணவுக் கப்பல்கள் வந்தன எனப் பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்சிஸ் எழுதுகிறார்.

அந்த மூன்று நாட்களில்தான் நாம் தேடும் தீர்ப்பு அடங்கியுள்ளது. மதில் தன் கடமையைச் செய்தது. காலத்தை வாங்கித் தந்தது. வாங்கிய காலத்தில் வந்து சேர வேண்டியவர்களே வரவில்லை. அகழ்ப்போரில் (கி.பி. 627) மதீனாவைக் காத்ததும் வெறும் அகழி அன்று. அது குறுகிய ஓரிடத்தில் அம்ரு இப்னு அப்து வுத்து குதிரையுடன் தாண்டி வந்தபோது அவனை எதிர்கொள்ள அலீ (ரலி) அவர்கள் அங்கே இருந்தார்கள். எனவே, கோட்டை வீண் என்பதும் சரியன்று. கோட்டையே போதும் என்பதும் சரியன்று. தர்ஸூஸ் வீழ்ந்த நான்கே ஆண்டுகளில், 969இல், அம்மக்கள் அடைக்கலம் தேடிச் சென்ற அன்தாக்கியாவும் வீழ்ந்தது.