மூங்கில் வாள்: ஜப்பானியச் சாமுராய்த் திரைப்படத்தில் மானம் பட்ட பாடு

ஜப்பானில் பொது இடங்களில் வாள் அணிவதை 1876ஆம் ஆண்டு அரசாணை தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நாட்டுக்குச் சினிமா வந்து சேர்ந்தது. தெருவில் காணாமல் போன வாளைத் திரை தனதாக்கிக்கொண்டது. சாமுராயை நேரில் கண்ட தலைமுறை உயிரோடு இருந்தபோதே அவனைப் பற்றிய படங்கள் எடுக்கப்பட்டன. அந்தப் படங்கள் வாள்வீச்சை மட்டும் காட்டிக்கொண்டிருக்கவில்லை. மானம் யாருடையது, குலத்துடையதா தனிமனிதனுடையதா என்ற வழக்கை அவை தொடர்ந்து நடத்திவந்தன.

அந்த வழக்கின் போக்கை ஒரு சிறு பொருளைக் கொண்டு பின்தொடரலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. வறுமையில் வாளை விற்ற சாமுராய், உறையும் கைப்பிடியும் பழையபடி இருக்க, அலகுக்குப் பதிலாக உள்ளே செருகிவைக்கும் மூங்கில் பத்தைதான் அது. 1937, 1962, 2002, 2011 என நான்கு படங்களில் அது வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன் பொருள் மாறியிருக்கிறது.

தொடக்ககால ஜப்பானியப் படங்களின் முதன்மையான கதை நாற்பத்தேழு ரோனின்களுடையது. ரோனின் என்றால் எசமானை இழந்த சாமுராய். 1701இல் எதோ என்ற நகரின் கோட்டைக்குள் கிரா என்ற அதிகாரியை வாளால் தாக்கிய அசானோ பிரபுவுக்கு, அன்றே வயிற்றைக் கிழித்து உயிர்விடும் செப்புக்கு தண்டனையாக விதிக்கப்பட்டது. அவருடைய வீரர்கள் காத்திருந்து 1703இன் தொடக்கத்தில் கிராவைக் கொன்று பழிதீர்த்தார்கள். அரசு அவர்களையும் செப்புக்கு செய்யவைத்தது. 1748இல் பொம்மலாட்ட நாடகமான இக்கதை கபுக்கி மேடைக்குப் போனது. பிறகு மக்கினோ ஷோஸோவின் இயக்கத்தில், ஓனோவே மட்சுனோசுகேயின் நடிப்பில் மௌனப்படமானது. மானம் இங்கே எசமானின் சொத்து. வீரன் அதற்குக் காவல்காரன் மட்டுமே.

இந்த ஏற்பாட்டில் முதலில் விரிசல் கண்ட படங்களில் ஒன்று ஃபுதகாவா புந்தாரோ இயக்கிய 'ஓரோச்சி' (1925). பந்தோ ட்சுமசபுரோ ஏற்ற நாயகன் நேர்மையானவன். அவன் செய்யும் ஒவ்வொரு நல்ல காரியமும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. குலம் அவனைத் துரத்துகிறது, ஊர் அவனைப் போக்கிரி என்கிறது. இறுதியில் பெருங்கூட்டத்தை எதிர்த்து அவன் நடத்தும் நெடிய சண்டையில் வெற்றிக் களிப்பே இல்லை. களைத்துப்போன ஒரு மனிதனின் தத்தளிப்புதான் தெரிகிறது. நேர்மையும் நற்பெயரும் வேறு வேறு என்பதை உடல்மொழியாலேயே காட்டிய படம் அது. ஆனாலும் அவன் கையில் இருந்தது நிஜ வாள்.

மூங்கில் வாள் யமனகா சடாவோவின் 'நின்ஜோ காமி ஃபுசென்' (1937) படத்தில் வருகிறது. எதோ நகரத்தின் வரிசை வீடுகளில் ஒரு முதிய ரோனின் தூக்கில் தொங்கிக் கிடக்கிறார். சாமுராயாகப் பிறந்தவர் ஏன் செப்புக்கு செய்துகொள்ளவில்லை என்று அண்டைவீட்டார் பேசிக்கொள்கிறார்கள். காரணம் எளியது: வாளை வயிற்றுப்பாட்டுக்கு விற்றாகிவிட்டது; உறையில் இருந்தது மூங்கில். அந்த முதியவரைப் படம் நமக்கு உயிரோடு காட்டுவதே இல்லை. பிறகு கதை மதாஜூரோ என்ற இன்னொரு ரோனினிடம் செல்கிறது. தந்தை எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலைக்காக அதிகாரி ஒருவரின் வாசலில் அவர் நாள்தோறும் காத்திருக்கிறார். மனைவி காகிதப் பலூன் செய்து குடும்பத்தை ஓட்டுகிறாள். படம் முழுவதிலும் அவர் ஒருமுறைகூட வாளை உருவவில்லை என்பதே அன்றைய வாள்சண்டைப் படங்களுக்கு யமனகா சொன்ன மறுப்பு. அதே ஆண்டு சீனாவுடன் போர் மூண்டிருந்தது. படம் வெளியான 1937 ஆகஸ்டிலேயே யமனகாவுக்குப் படையில் சேரும் ஆணை வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சீன மண்ணில் நோயுற்று இறந்தபோது அவருக்கு வயது 28. ஜப்பானிய சினிமா இழந்த பெருஞ்செல்வங்களில் அவர் ஒருவர்.

போர்க்கால அரசுக்குத் தேவைப்பட்டது பழைய விசுவாசம். மிஸோகுச்சி கென்ஜியின் இரண்டு பாகங்கள் கொண்ட 'கென்ரோக்கு சூஷிங்குரா' (1941–42) அந்தத் தேவைக்காகவே உருவானது. ஆனால் மிஸோகுச்சி, எல்லோரும் எதிர்பார்த்த தாக்குதல் காட்சியை எடுக்கவே இல்லை. அது ஒரு கடிதத்தின் வாயிலாகத்தான் நமக்குத் தெரியவருகிறது. போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1945 நவம்பரில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் படங்களில் இடம்பெறக் கூடாதவை என 13 பொருள்களைப் பட்டியலிட்டது. பழிவாங்கல், நிலப்பிரபுத்துவ விசுவாசம், தற்கொலையைப் போற்றுதல் ஆகியவை அதில் இருந்தன. 1952இல் ஆக்கிரமிப்பு முடிந்த பிறகே சாமுராய் தடையின்றித் திரைக்குத் திரும்பினான். ஒருமுறை விசாரிக்கப்பட்ட மானத்தை மறுபடியும் பழைய பீடத்தில் அப்படியே உட்காரவைக்க முடியவில்லை.

அந்த விசாரணையை அதன் எல்லை வரை கொண்டுசென்றது கோபயாஷி மசாகியின் 'செப்புக்கு' (1962). வெளிநாடுகளில் 'ஹராகிரி' என்று அறியப்பட்ட இப்படத்துக்கு மூலம் தகிகுச்சி யசுஹிகோவின் கதை. திரைக்கதை எழுதியவர் ஹஷிமோட்டோ ஷினோபு. குரோசவாவுடன் சேர்ந்து 'ரஷோமோன்' (1950) எழுதியவரும் அவரே. அந்தப் படத்தின் தாக்கத்தில் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' (1954) எடுத்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஒரே நிகழ்வைப் பல வாய்களால் சொல்லி உண்மையைத் தேடும் கலை ஹஷிமோட்டோவுக்குக் கைவந்தது. 'செப்புக்கு' படத்தில் அது அதிகாரத்தின் கூற்றுக்கு எதிரான சாட்சியமாகிறது.

கதை 1630இல், எதோ நகரிலுள்ள ஈ குலத்தின் மாளிகையில் நடக்கிறது. ஹிரோஷிமாவை ஆண்ட ஃபுகுஷிமா மசனோரி, அனுமதியின்றிக் கோட்டையைப் பழுதுபார்த்தார் என்ற காரணத்துக்காக 1619இல் அப்பகுதியை இழந்தது வரலாறு. அவரிடம் பணியாற்றிய ட்சுகுமோ ஹன்ஷிரோ (நகடாய் தட்சுயா) அந்த மாளிகைக்கு வந்து, முற்றத்தில் மானத்தோடு செப்புக்கு செய்துகொள்ள இடம் கேட்கிறார். சில மாதங்களுக்கு முன் இதே கோரிக்கையோடு வந்த மோட்டோமே என்ற இளைஞனுக்கு நடந்ததை மாளிகையின் மூத்த அதிகாரி சைட்டோ எச்சரிக்கையாகச் சொல்கிறார். சாகிறேன் என்று மிரட்டிக் காசு பெறும் ரோனின்களுக்குப் பாடம் கற்பிக்க அவனை உண்மையாகவே சாகவைத்தார்களாம். அதுவும் அவன் உறையில் இருந்த மூங்கிலைக் கொண்டே. வெட்டாத அந்தப் பத்தையைத் தன் உடல் பாரத்தால் வயிற்றில் செலுத்த அவன் படும் பாட்டைப் படம் நம்மைப் பார்க்கவைக்கிறது. தலையை வெட்டி வேதனையை முடிக்க வேண்டியவரோ, இன்னும் வெட்டு, இன்னும் வெட்டு என்று தாமதிக்கிறார்.

மோட்டோமே ஹன்ஷிரோவின் மருமகன் என்பது பிறகு தெரிகிறது. காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருத்துவரை அழைக்கக் காசில்லாமல்தான் அவன் அந்த வாசலுக்குப் போனான். வாளை அதற்கு முன்பே குடும்பத்துக்காக விற்றிருந்தான். இப்படத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குலத்தின் போலித்தனத்தையே பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மருமகனின் உடல் வீட்டுக்கு வந்த பிறகு ஹன்ஷிரோ தன் வாளைப் பார்த்து உடைந்துபோகும் இடம். வாளை விற்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. பேரக்குழந்தை சாகக் கிடந்தபோதும் இந்த இரும்பைக் கட்டிக்கொண்டிருந்தோமே என்று அவர் கதறுகிறார். மூங்கில் வாள் வைத்திருந்தவன்தான் மானமுள்ளவன் என்ற தீர்ப்பை நாயகனே தனக்கு எதிராக வழங்கிக்கொள்கிறார். அதற்கு முந்தைய சாமுராய்ப் படங்களில் இவ்வளவு கடுமையான தன்விசாரணையை நான் கண்டதில்லை.

அதன் பிறகு வரும் பழிவாங்கலும் வழக்கமானதாக இல்லை. மோட்டோமேயைக் கொடுமைப்படுத்திய மூவரையும் ஹன்ஷிரோ கொல்வதில்லை. அவர்களுடைய குடுமியை அறுத்து வருகிறார். குடுமி இழந்த சாமுராய் உயிர்விட வேண்டும் என்பது அவர்களே பறைசாற்றிய நெறி. அவர்களோ உடல்நலமில்லை என்று வீட்டுக்குள் பதுங்கிக்கொள்கிறார்கள். புல்வெளியில் காற்று அலறும் அந்த இருவர் சண்டையில், போர்க்களம் கண்ட ஹன்ஷிரோவின் தாழ்ந்த நிலைக்கும் அம்மூவரில் ஒருவரான, பயிற்சிக்கூடத்தில் தேர்ந்த ஓமொதகாவின் நிமிர்ந்த நிலைக்கும் உள்ள வேறுபாட்டை கோபயாஷி நிதானமாகக் காட்டுகிறார். தகெமிட்சு டோருவின் இசையில் பிவா என்ற நரம்புக்கருவியின் மீட்டல்கள் அந்த நிதானத்தை இன்னும் இறுக்குகின்றன. முடிவில் குலம் துப்பாக்கியைக் கொண்டுவருகிறது. செத்தவர்கள் நோயால் இறந்ததாகக் குலத்தின் நாட்குறிப்பில் பதிவாகிறது.

இந்தக் கோபம் கோபயாஷியின் வாழ்க்கையிலிருந்து வந்தது. 1942இல் படையில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்ட அவர், தனக்கு அளிக்கப்பட்ட பதவி உயர்வுகளை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். போரைப் பற்றிய ஒன்பது மணி நேரத்துக்கும் மேலான 'மனித நிலை' முப்படத் தொடருக்கு (1959–61) அடுத்த ஆண்டு வெளிவந்த படம் இது. கான் விழாவில் 1963இல் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. மிஃபுனே டோஷிரோவை வைத்து அவர் எடுத்த 'ஜோய்உச்சி' (1967) படத்திலும் குலத்துக்குப் பணிய மறுக்கும் ஒரு குடும்பம்தான் மையம்.

'செப்புக்கு' வெளிவந்து நாற்பது ஆண்டுகள் கழித்து யமடா யோஜி 'தசொகரே செய்பே' (2002) எடுத்தார். ஃபுஜிசவா ஷூஹேயின் மூன்று கதைகளைச் சேர்த்துச் செய்த படம். சனடா ஹிரோயுகி ஏற்ற செய்பே, கிடங்கில் கணக்கெழுதும் கீழ்நிலைச் சாமுராய். அந்தி சாய்ந்ததும் நினைவு மங்கிய தாயையும் இரு பெண்குழந்தைகளையும் கவனிக்க வீட்டுக்கு ஓடுபவர். செப்புக்கு செய்ய மறுத்து வீட்டுக்குள் அடைந்துகொண்ட ஸென்எமோனைக் கொல்லும்படி குலம் அவருக்கு ஆணையிடுகிறது. இருட்டு வீட்டில் இருவரும் நெடுநேரம் பேசுகிறார்கள், மருந்துக்கு வழியில்லாமல் செத்த மனைவியரைப் பற்றி. அப்போது செய்பே தன் நீள வாள் மூங்கில் என்கிறார். மனைவியின் ஈமச் சடங்குக்காக நிஜ வாளை விற்றுவிட்டாராம். அதுவரை நண்பனைப் போலப் பேசிய ஸென்எமோன் ஆத்திரத்தோடு எழுகிறார்: மூங்கிலோடு தன்னைக் கொல்ல வந்தது அவருக்கு அவமானம். குலத்தால் வஞ்சிக்கப்பட்டவனுக்குள்ளும் குலத்தின் அளவுகோல் உயிரோடிருப்பதை யமடா ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார். செய்பேவுக்கோ அந்த மூங்கிலைப் பற்றி எந்த வெட்கமும் இல்லை. 1937இல் இறந்தவனின் இரகசியமாகவும் 1962இல் கொலைக்கருவியாகவும் இருந்தது, இங்கே வாழ்கிற ஒருவனின் குடும்பக் கணக்கு. கதையைச் சொல்பவள் பல ஆண்டுகள் கடந்து தந்தையை நினைத்துப் பார்க்கும் இளைய மகள். 'செப்புக்கு' படத்தில் குலத்தின் நாட்குறிப்புக்கு இருந்த இடம் இங்கே மகளுடைய நினைவுக்குக் கிடைத்திருக்கிறது.

மீக்கே தகாஷி 2011இல் கோபயாஷியின் படத்தை வண்ணத்திலும் முப்பரிமாணத்திலும் மறுபடி எடுத்தார். அதில் ஹன்ஷிரோ இறுதிச் சண்டையை மூங்கில் வாளால் நடத்துகிறார். காட்சியாக அது வலுவானது. கொல்லாத ஆயுதத்தோடு கூட்டத்தை எதிர்த்து நிற்கும் மனிதன் நெஞ்சைத் தொடுகிறான். ஆனாலும் மூலப்படமே சரியானது என்று கருதுகிறேன். மூங்கிலை ஏந்தும் உரிமை மோட்டோமேவுக்கு உண்டு. அதை அவன் தன் வாளையே விலையாகக் கொடுத்துப் பெற்றான். 1962இன் ஹன்ஷிரோ ஏந்துவது தான் விற்கத் தவறிய நிஜ வாளை. ஈ குலத்தை வெட்டும் அதே அலகு அவரையும் குற்றஞ்சாட்டுகிறது. 2011இல் அந்தக் குற்றச்சாட்டு மங்கி, அவர் வெறும் நீதிமானாக நிற்கிறார்.