யாழ்ப்பாணத்துப் பழங் கடித உறைகளும் தபாற்குறிகளும்

கடித உறை சேகரித்தல் தபால் முத்திரை சேகரித்தலினின்று கிளைத்த கலையே எனினும், இரண்டின் நோக்கமும் வேறு. முத்திரை சேகரிப்போர் அதன் நிறத்தையும் அச்சையும் தாளின் நீர்க்குறியையும் ஓரத்துத் துளைகளையும் ஆராய்வர். அதன்மேல் விழுந்த சீல் அவர்களுக்குப் பெரும்பாலும் ஓர் அழுக்கு. உறை சேகரிப்போருக்கோ அந்தச் சீலே பிரதானம். அது எந்தக் கந்தோரில், எந்த நாளில், எவ்வகை அச்சினால் அடிக்கப்பட்டது என்பதையும், கடிதம் எந்த வழியாக, எந்தக் கப்பலில், எவ்வளவு கூலிக்குச் சென்றது என்பதையும் அவர்கள் உறையின் இருபுறங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்து அறிந்துகொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தபாற்கந்தோர்களில் அடிக்கப்பட்ட விசித்திரமான சீல்கள் இக்கலையில் உலகப் பிரசித்தி பெற்றவை. அந்நாட்டுத் தபாலோடு முதன்முதலாக இடையறாத தொடர்பு பூண்ட தமிழ்நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. அதன் வலிகாமப் பகுதியின் கிழக்குப் பக்கத்தில், வல்லை வெளிக்கு இப்பால் அமைந்துள்ள அச்சுவேலி, மேற்கே தெல்லிப்பழை, வெளியைக் கடந்தால் உடுப்பிட்டி என்று அமெரிக்க மிஷனின் இரு நிலையங்களுக்கு இடையே கிடக்கும் ஊராதலின், அவ்வூரில் நின்று இவ்விஷயத்தை நோக்குதல் பொருந்தும்.

அமெரிக்க மிஷனரிமாரின் முதற் குழு 1815 அக்டோபரில் நியூபெரிபோர்ட் துறைமுகத்தில் 'டிரையாட்' என்னும் பாய்க்கப்பலில் ஏறி, ஐந்து மாதங் கழித்து 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. தானியேல் பூவர் உள்ளிட்ட அக்குழுவினர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என நிலையங்கள் பெருகின. 1820-இல் வந்த அச்சுத் தொழிலாளராகிய ஜேம்ஸ் காரெட்டைத் தீவில் தங்கவிடாது ஆங்கில அரசாங்கம் திருப்பி அனுப்பியதும், அதன்பின் 1833 வரையில் புதிய அமெரிக்க மிஷனரிமார் எவரையும் அனுமதியாதிருந்ததும் சரித்திரம் அறிந்த செய்தி. ஆள் வரத்து நின்றுபோன அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளிலும் பொஸ்டன் நகரத்துத் தலைமைச் சபைக்கும் வலிகாமத்து வேப்பமர நிழல்களுக்கும் இடையே நின்ற உறவு கடிதத்தினாலேயே நின்றது.

அக்காலத்துக் கடிதங்களுக்கு உறையும் இல்லை, முத்திரையும் இல்லை. அமெரிக்காவில் 1845 வரையில் தபாற்கூலி தாளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தே கணக்கிடப்பட்டது. தனியாக ஓர் உறையிட்டால் அதுவும் ஒரு தாளாக எண்ணப்படும். ஆகவே எழுதிய தாளையே மடித்து, அரக்கிட்டு ஒட்டி, மேற்புறத்தில் விலாசத்தை எழுதிவிடுவர். கூலிக்கு அஞ்சிய சிலர் தாள் முழுவதும் எழுதி முடித்தபின் அதையே குறுக்காகத் திருப்பி, முன்னெழுதிய வரிகளின் மேலாக மீண்டும் எழுதியதும் உண்டு. இவ்வாறு மடித்த கடிதங்கள் யாழ்ப்பாணத்தினின்று கொழும்புக்கோ சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ சென்று, அங்கே அமெரிக்காவுக்குத் திரும்பும் வணிகக் கப்பலின் தலைவர் கையில் ஒப்படைக்கப்படும். கப்பல் அமெரிக்கத் துறையை அடைந்ததும் அங்குள்ள தபாற்கந்தோர் அதன்மேல் 'கப்பல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடித்து, கடிதம் அவ்வூரிலேயே கொடுபடுவதாயின் ஆறு சதமும், அப்பால் போவதாயின் உள்நாட்டுக் கூலியோடு இரண்டு சதமும் வசூலிக்கும்படி மையினால் தொகையிடும். பொஸ்டனில் இறங்கிப் பொஸ்டன் சபைக்கே போன கடிதத்தில் அந்த 'ஆறு' தனியே நிற்பதைக் காணலாம். முத்திரை ஒன்றும் ஒட்டப்படாத இத்தகைய தாள்களை அழகில்லாதவை என்று பலர் ஒதுக்குவர். ஆனால் யாழ்ப்பாணத்துத் தபாற் சரித்திரத்தில் இவற்றிலும் சுவையான பத்திரங்கள் வேறில்லை என்பதே இக்கட்டுரையாளன் கருத்து.

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1-ஆந் திகதி வெளியாயிற்று. இங்கிலாந்துக்கு அரை அவுன்சுக் கடிதம் அனுப்புதற்கான ஆறு பென்ஸ் பெறுமதியுள்ள அம்முத்திரை, விக்டோரியா மகாராணியின் தலையுருவோடு, பழுப்பு நிறத்தில், லண்டனிலுள்ள பேர்க்கின்ஸ் பேக்கன் கம்பெனியாரால் அச்சிடப்பட்டது. துளையிடப்படாத ஆரம்பகால முத்திரைகளுள், 1859-இல் வந்த மங்கிய ரோசா நிறத்து நாலு பென்ஸ் முத்திரை இன்று பெருந்தனவந்தரே கனவு காணத்தக்க விலையை எட்டிவிட்டது. 1872-இல் பென்ஸ் கணக்கு நீங்கி ரூபாவும் சதமும் வந்தன. 1885-ஆம் ஆண்டளவில், வேண்டிய பெறுமதியில் முத்திரை கையிருப்பின்றிப் போனமையால், பழைய முத்திரைகளின் மேலேயே புதிய விலையை அச்சிட்டு விற்ற காலமும் ஒன்று உண்டு. அவற்றில் நேர்ந்த பிழைகளைத் தேடித் திரிவோர் தனிக் கூட்டத்தினர்.

முத்திரையின்மேற் சீல் குத்துவதற்குக் காரணம், ஒருமுறை கூலி கொடுத்த முத்திரையைக் கழுவி மறுபடியும் ஒட்டுவோரைத் தடுப்பதே. இங்கிலாந்தில் 1840-இல் கருப்பு ஒரு பென்னி முத்திரைமேற் சிவப்பு மையில் அடித்த சிலுவைக்குறி எளிதிற் கழுவப்பட்டதால், அடுத்த ஆண்டிலேயே முத்திரையைச் சிவப்பாகவும் சீலைக் கருப்பாகவும் மாற்ற நேர்ந்தது. இலங்கையில் சீல் அச்சுகளைத் தபாற்பகுதியே செய்து கொடுத்தது; கோடுகளால் நிறைந்த நீள்வட்டமும் எழுத்தோ எண்ணோ தாங்கிய வட்டமும் அவ்வாறு வந்தவை. ஆகவே இங்கே விசித்திரமெல்லாம் விபத்தினாலும் பற்றாக்குறையினாலும் விளைந்தன. திகதியைக் காட்டும் எழுத்து தலைகீழாகச் செருகப்பட்டிருத்தல், மை வற்றியமையால் பேனாவினாலேயே கீறிவிடுதல், வேறு காரியத்துக்கான 'கூலி கட்டப்பட்டது', 'நேரந் தவறியது' என்னுங் குறிகளை முத்திரைமேல் அடித்துவிடுதல் ஆகியவை இவ்வகையின. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1860-இல், ஊரும் திகதியும் காட்டும் வட்டக் குறியினாலேயே முத்திரையை ரத்துச் செய்யலாகாது, அதற்கு வேறோர் அச்சு வேண்டும் என்று அந்நாட்டுத் தபாலதிபர் கட்டளையிட்டார். ஆனால் சிற்றூர்க் கந்தோர்களுக்கு அந்த வேறோர் அச்சை வழங்குவார் எவருமில்லை. எனவே கந்தோர் பொறுப்பாளர்கள் போத்தலை அடைக்கும் தக்கைக் கட்டையைக் கத்தியாற் செதுக்கித் தாமே அச்சுச் செய்துகொண்டனர். நட்சத்திரம், இலை, கேடயம், மண்டையோடு, பிசாசின் முகம் எனக் கையும் மனமும் போனவாறெல்லாம் சீல்கள் பிறந்தன. கனெக்டிகட் மாகாணத்து வாட்டர்பரியில் ஜோன் ஹில் என்பவர் இக்கைவேலையிற் சிகரம் தொட்டவர். 1869-ஆம் ஆண்டு நன்றிகூறல் பண்டிகையை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் அவர் பயன்படுத்திய ஓடுங் கோழிச் சீல், இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர் எல்லோரும் போற்றும் அரும்பொருளாயிற்று. மெல்லிய தக்கை சில நூறு அடிகளிலேயே தேய்ந்து உருக்குலையும். ஆகவே நல்ல பதிவுகள் அரிதாயின.

இத்தகைய சீல்கள் யாழ்ப்பாணம் வந்தனவா என்றால், அதற்கு மிகப் பொருத்தமான வாயில் நியூயோர்க் நகரமாகும். 1870 முதற் சில ஆண்டுகளுக்கு அந்நகரத்துத் தபாற்கந்தோரின் வெளிநாட்டுப் பிரிவினர், கடல்கடந்து செல்லுங் கடிதங்களுக்கு மட்டும் கோலம்போல நுணுக்கமாகச் செதுக்கிய வட்ட உருவங்களைப் பயன்படுத்தினர். அதே ஆண்டுகளிலேதான் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் போகுங் கடிதங்கள் லண்டனைத் தொட்டு, சவுதாம்டன் வழியாகக் கப்பலிலோ, கூடுதற் கூலிக்கு இத்தாலியின் பிரிண்டிசித் துறைவரை ரயிலிலோ அனுப்பப்பட்டன. தபாற் கப்பல்கள் அப்போது கொழும்பில் அன்று, காலித் துறையிலேயே தங்கின. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1873-இல் நாடு திரும்பி, மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டரிலிருந்து 1884-இல் இறக்கும் வரையில் தமிழ் மருத்துவ நூற்பணியைக் கைவிடாதிருந்தவர். அவருடைய ஊரிலிருந்து இக்குடாநாட்டுக்கு அக்காலத்தில் வந்த உறை ஏதேனும் கிடைக்குமாயின், அதன் முகப்பிலுள்ள ஒவ்வொரு மைத்துளியையும் ஆராய வேண்டும்.

அச்சுவேலிக்குத் தன்னளவிலும் தபாலோடு நெருங்கிய தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ச. தம்பிமுத்துப்பிள்ளை அங்கு நடத்திய ஞானப்பிரகாச யந்திரசாலை நாடகங்களையும் சமய நூல்களையும் அச்சிட்டது. அச்சுக்கூடம் உள்ள ஊரிலிருந்து புத்தகக் கட்டு தபாலிற் போவது இயல்பு. ஆனால் கட்டைப் பிரிக்கும்போதே சுற்றுத்தாளை எறிந்துவிடுவது எல்லா ஊர் வாசகரின் வழக்கமாதலால், கடிதத்தைவிடச் சுற்றுத்தாளே சேகரிப்பாளருக்கு அரிய பொருளாகும். அந்நூற்றாண்டின் இறுதியில் வலிகாமத்து இளைஞர் மலாயாவில் ரயில்வே, அரசாங்கக் கந்தோர் உத்தியோகங்களை நாடிச் செல்லத் தொடங்கியபின், குடாநாட்டு வீடுகளிற் குவிந்த தபாலிற் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. அவ்விடத்துக்கும் ஒரு பழங்கதை உண்டு: 1867 வரையில் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய முத்திரைகளையே வழங்கின, அவற்றில் சிங்கப்பூர்க் கந்தோர் அடித்த 'பி 172', பினாங்கு அடித்த 'பி 147', மலாக்கா அடித்த 'பி 109' என்னும் சீல்கள் மட்டுமே, இந்திய முத்திரை கடல்கடந்து வழங்கிய இடத்தைக் காட்டிக்கொடுப்பன.

சேகரிப்பின் சரித்திரத்தில் ஆரம்பகாலம் அழிவின் காலமே. 1869-இல் லண்டனில் முத்திரையியற் சங்கம் தோன்றியபோதும் அதற்குப் பின் நெடுங்காலமும், உறையைத் தண்ணீரில் ஊறவைத்து முத்திரையைக் கழற்றுவதே அறிஞரும் செய்த காரியம். பள்ளிச் சிறுவர் அதனையே பின்பற்றினர். உறையோடு வழியும் திகதியும் கூலியும் குப்பைக்குப் போயின. இலங்கை முத்திரைகளை ஆழ்ந்து ஆராய்ந்து பெருஞ்சேகரம் அமைத்தவர்களுள் தெ வோர்ம்ஸ் பிரபுக்கள் தலையாயவர். அக்குடும்பத்தார் முன்னர் புசல்லாவையிற் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர்கள் என்பதை நினைக்கும்போது அவ்வாசை வந்த வழியும் விளங்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் பெட்டகங்களிற் கிடந்த கடிதக் கட்டுகளைச் செல் அரித்தது பாதி. பின்னாளைய யுத்தமும் இடப்பெயர்வும் அழித்தது மீதி. மிஷனரிமார் அனுப்பிய கடிதங்களோ சபையின் ஆவணங்களோடு ஹார்வார்டு பல்கலைக்கழகத்து ஹவுட்டன் நூலகத்திற் பத்திரமாக உள்ளன. அனுப்பிய ஊரில் ஒன்றுமில்லை, பெற்ற ஊரில் எல்லாம் உண்டு என்னும் இந்நிலை, தபாற் சரித்திரம் எழுதுவோர் எங்கும் எதிர்கொள்வதே.

போலிகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இலங்கையில் முத்திரைகள் தபாலுக்கு மட்டுமன்றிப் பத்திரங்களுக்கும் பயன்பட்டமையால், பேனாவாற் கீறப்பட்ட பெரும்பெறுமதி முத்திரைகளிலிருந்து மையை நீக்கி, அவற்றின்மேற் பொய்ச் சீல் குத்தி விற்போர் தோன்றினர். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் 'மதாம் ஜோசப்' என்னும் பெயரால் வழங்கிய பொய்ச் சீலச்சுகள் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பலவற்றின் பெயரில் உருவாயின. அவை பின்னர் லண்டன் சங்கத்தாரின் கைக்கு வந்து ஆராய்ச்சிப் பொருளாயின. தந்திக்கென அச்சிட்ட இலங்கை முத்திரைகளில் இத்தொல்லை குறைவு: அவை இரட்டை நீளமானவை, மேற்பாதியைக் கிழித்து ஒருபுறமும் கீழ்ப்பாதியை மறுபுறமும் ஒட்டியதால், பாவித்த பின் முழுமையாய் எஞ்சியது சொற்பம். உறையிற் செய்யப்படும் போலியை அறிய மை, அச்சு ஆகியவற்றைவிடப் பயணக் கணக்கே நல்ல துணை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902-இல் ஓடத் தொடங்கிய புகையிரதம், கொழும்போடு இணைந்தது 1905-இலே. அதற்கு முன்னர் தபாற்பைகள் வன்னிக் காட்டுவழியாகவோ கடல்வழியாகவோ நாட்கணக்கிற் சென்றன. ஆகவே 1890-ஆம் ஆண்டுத் திகதியிட்டு, யாழ்ப்பாணத்தில் ஒருநாளும் கொழும்பில் மறுநாளும் சீல் விழுந்ததாக ஓர் உறை விலைக்கு வருமாயின், அதைச் செய்தவர் சீல் வெட்டக் கற்ற அளவுக்கு ரயில்வேச் சரித்திரம் கற்கவில்லை என்று கொள்ளலாம்.