நிறுத்தாச் செருகல்
“லேப்டாப்பை ஆஃப் பண்ண வேண்டாம் அண்ணாச்சி, அப்படியே சொருகுங்க” என்றார், பாளையங்கோட்டைக் கருத்தரங்கு ஒன்றில் புரொஜெக்டர் வயரை நீட்டிய தம்பி. ‘ஹாட்பிளக்’ என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. அதைச் ‘சூடான செருகல்’ என்று எழுதுவது தவறு. மின்வழக்கில் ‘ஹாட்’ என்பது மின்சாரம் ஓடும் நிலை, வெப்பமல்ல. செருகு வளமான சொல். கொண்டையில் பூ, இடுப்பில் கொசுவம் செருகுவோம். தூக்கத்தில் கண் செருகும். மூலநூலில் பிறர் பாட்டு நுழைந்தால் இடைச்செருகல். ஹாட்பிளக்கும் ஒரு செருகல்தான். திரையைக் கணினியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ இணைப்பில் 19ஆம் முனையின் மின்னழுத்தம் உயர்ந்தால், திரை வந்துவிட்டதென்று கணினி அறியும். அந்தச் சைகை ஓயாமல் துடித்தால், லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள இன்டெல் டிரைவர் அதை நம்பாமல், திரை இருக்கிறதா என்று 10 விநாடிக்கு ஒருமுறை தானே போய்ப் பார்க்கும். கணினியின் ஓட்டத்தை நிறுத்தாமலே இந்தச் செருகல் நடப்பதால் ‘நிறுத்தாச் செருகல்’ என்பதே பொருந்தும். கலைச்சொல் தொகுப்போர் இதை ஏற்க வேண்டும்.