கூண்டேறிய கதைகள்

வக்கீல் கதாநாயகனாக வரும் நாவலைப் பிரித்தால், தீர்ப்பு தெரியும்வரை தூக்கம் வராது. இந்த ருசியை முதலில் பழக்கிவிட்டவர்களில் ஒருவர் கதாசிரியரே அல்ல. பிரான்ஸ் நாட்டு வக்கீல் கயோ தெ பித்தவால், 1734இலிருந்து பிரபல வழக்குகளைத் திரட்டி இருபது தொகுதிகள் வெளியிட்டார். வழக்குக் கட்டுகளில் உறங்கிக் கிடந்த விவரங்களைச் சாதாரண வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். 1792இல் ஒரு ஜெர்மன் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் மகாகவி ஷில்லர். இவ்வழக்குகள் நாவலுக்கு நிகரான சுவை கொண்டவை, கூடவே உண்மையும் கொண்டவை என்று அவர் பாராட்டினார்.

விற்கிற சரக்கு என்று தெரிந்தால் நகல் வராமல் இருக்குமா? பின்னால் வந்த மேழான் என்ற பிரெஞ்சு வக்கீலும் அதே பாணியில் ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார். அதன் பழைய பிரதி 1856இல் பாரிஸின் தெருவோரப் புத்தகக் கடையில் கிடந்தது. நண்பர் டிக்கன்ஸுடன் அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஆங்கில நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் அதை வாங்கினார். அவரும் சட்டம் படித்தவர்தான்; வக்கீல் தொழில் மட்டும் செய்யவில்லை. சொத்துக்காகப் பொய்ப் பெயரில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கு அதில் இருந்தது. ‘தி உமன் இன் ஒயிட்’ நாவலின் கரு அதுதான். என்னைக் கேட்டால், கருவைவிட அவர் தேர்ந்துகொண்ட வடிவமே பெரிய கொடை. கோர்ட்டில் சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டேறுவதுபோல, பாத்திரங்கள் தாம் கண்டதை மட்டும் முறைவைத்துச் சொல்கிறார்கள். யாரை நம்புவது என்று முடிவு செய்யும் ஜூரியின் வேலை வாசகரிடம் வந்து சேர்ந்தது.

அட்லாண்டிக்கைத் தாண்டியதும் வக்கீலே மையத்துக்கு வந்துவிட்டார். மேற்கு வர்ஜீனியா வக்கீல் மெல்வில் டேவிசன் போஸ்ட் 1896இல் படைத்த ராண்டால்ஃப் மேசன், சட்டத்தின் ஓட்டைகளைக் காட்டிக் குற்றவாளிகளைத் தப்பவைப்பவர். 1933இல் இன்னொரு மேசன் வந்தார். கலிபோர்னியா வக்கீல் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் உருவாக்கிய பெர்ரி மேசன், குறுக்கு விசாரணையிலேயே உண்மைக் குற்றவாளியை அம்பலப்படுத்திக் கட்சிக்காரரைக் காப்பாற்றுவார். எண்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்தும் அந்தக் கடைசி நேரத் திருப்பம் அலுக்கவில்லை. தமிழுக்கு இந்த ருசியை நிலைக்கவைத்தவர் சுஜாதா. 1968இல் ‘நைலான் கயிறு’ தொடரில் அறிமுகமான வக்கீல் கணேஷ், பிறகு ஜூனியர் வசந்தோடு சேர்ந்து வாரப் பத்திரிகைகளை ஆண்டார்.

மறுபடி அமெரிக்காவுக்கு வந்தால், சிகாகோவில் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்த ஸ்காட் டுரோ, வேலைக்குப் போகும் ரயிலில் எழுதி 1987இல் வெளியிட்ட ‘பிரிசூம்ட் இன்னொசென்ட்’ அமோகமாக விற்றது. மிசிசிப்பியில் வக்கீலாக இருந்த ஜான் கிரிஷாமுக்கு அந்த யோகம் உடனே அடிக்கவில்லை. கோர்ட்டில் ஒரு சிறுமி சொன்ன சாட்சியம் அவரை உலுக்கியிருந்தது. அவளுக்குக் கொடுமை செய்தவர்களை அவள் தந்தையே சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி முதல் நாவலாக வளர்ந்தது. அச்சானது 5,000 பிரதி; அதில் 1,000ஐ அவரே வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்.

அடுத்த நாவலான ‘தி ஃபர்ம்’ கையெழுத்துப் பிரதி எப்படியோ கள்ளத்தனமாக நகலாகி ஹாலிவுட்டில் உலவியது. எந்தப் பதிப்பகமும் ஏற்பதற்கு முன்பே பாரமவுண்ட் நிறுவனம் 6 லட்சம் டாலருக்குப் பட உரிமையை வாங்கியது. அதன்பிறகே பதிப்பகங்கள் விழித்துக்கொண்டன. 1991இல் வெளியான அந்நாவல் நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் 47 வாரம் இருந்தது. விலைபோகாத முதல் நாவலும் மறு அச்சாகி லட்சக்கணக்கில் விற்றது.