சாம்சன் ஆக்கொம் எழுதிவைத்த 180 பவுண்டு கணக்கு

கல்யாணமாகாத ஒரு வெள்ளை மிஷனரிக்கு ஓராண்டுச் சம்பளம் 100 பவுண்டு. அவர் பேசுவதை மொழிபெயர்க்க ஓர் ஆள், 50 பவுண்டு. அவரை மக்களிடம் அறிமுகம் செய்துவைக்க இன்னோர் ஆள், 30 பவுண்டு. ஆக, ஒரே ஆண்டில் 180 பவுண்டு. மொழிபெயர்ப்பாளரும் அறிமுகம் செய்பவரும் தேவைப்படாத, பிள்ளைகுட்டிக்காரரான ஒரு பூர்வகுடிப் போதகருக்கு 12 ஆண்டு உழைப்புக்குக் கிடைத்ததும் அதே 180 பவுண்டுதான்.

இந்தக் கணக்கை 1768 செப்டம்பரில் தன் வரலாறாக எழுதிவைத்தவர் சாம்சன் ஆக்கொம் (1723-1792). கனெக்டிகட்டின் மொஹீகன் பூர்வகுடியைச் சேர்ந்தவர். எலியாசர் வீலாக் என்ற வெள்ளைப் போதகரிடம் நான்காண்டு படித்தவர். 1759இல் பிரஸ்பிட்டீரியன் சபையின் போதகரானவர். அவருடைய கடிதங்கள், நாட்குறிப்புகள், பிரசங்கங்கள், மனுக்கள் எல்லாவற்றையும் தொகுத்து ஜோனா ப்ரூக்ஸ் 2006இல் வெளியிட்டார். போதகர் எழுதியதுதானே என்று தள்ளிவிடாதீர்கள் தோழர்களே. கூலியையும் நிலத்தையும் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் புத்தகங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

லாங் ஐலண்டில் மோன்டாக்கெட் மக்களிடையே அவர் பள்ளி நடத்தினார். எழுத்து பிடிபடாத குழந்தைகளுக்காகத் தேவதாரு மரச் சில்லுகளில் ஒவ்வொரு எழுத்தாக ஒட்டிக் கொடுத்தார். கலைத்துப் போட்டு, கேட்ட எழுத்தை எடுத்துவரச் சொல்வார். பகலில் பள்ளி. மற்ற நேரத்தில் மீன்பிடி, வேட்டை, விவசாயம், மரக் கரண்டி செதுக்குவது, வாளி செய்வது, துப்பாக்கிக் கட்டை போடுவது, பழைய புத்தகங்களுக்கு பைண்டிங். சம்பளம் பத்தவில்லை. இவரை ஊதாரி என்றும் கெட்டிக்காரத்தனம் போதாதவர் என்றும் பேசினார்கள். அதற்கு அவர் தந்த பதில்தான் அந்தக் கணக்கு. கடைசியில், ஓர் இளைஞரிடம் ஏறக்குறைய தினமும் அடிவாங்கும் ஒரு பூர்வகுடிச் சிறுவனின் கதையைச் சொல்கிறார். ஏன் அடிக்கிறார் என்று கேட்டால், பெரும்பாலும் நான் இந்தியன் என்பதால்தான் என்று அந்தப் பையன் சொல்வான். தனக்கும் அதுதான் காரணம் என்று முடித்துவிடுகிறார்.

அதற்கு முந்தைய இரண்டாண்டு அவர் பிரிட்டனில் இருந்தார். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான வீலாக்கின் பள்ளிக்கு நிதி திரட்ட அனுப்பப்பட்டார். 300க்கும் மேற்பட்ட பிரசங்கங்கள், சுமார் 12,000 பவுண்டு வசூல். இங்கிலாந்து மக்கள் பார்க்க வந்தது வீலாக்கை அல்ல, ஆக்கொமை. பார்த்துக்கொள்வதாக வீலாக் வாக்களித்திருந்த மனைவி மேரியும் பிள்ளைகளும் வறுமையில் கிடந்ததை ஊர் திரும்பியபோது பார்த்தார். பணமோ நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய் டார்ட்மவுத் கல்லூரியானது. 1769ஆம் ஆண்டு சாசனத்தில் பூர்வகுடி இளைஞர்களின் கல்வி என்றுதான் முதலில் எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்த 200 ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற பூர்வகுடி மாணவர்கள் 19 பேர். நன்கொடை கேட்கும்போது யார் முகத்தைக் காட்டுகிறார்கள், செலவுக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

1771இல் வீலாக்குக்கு ஆக்கொம் எழுதிய கடிதத்தில் லத்தீன் சொல் விளையாட்டு ஒன்று வருகிறது. கல்லூரியை 'அல்மா மாட்டர்', வளர்க்கும் தாய், என்பார்கள். ஓர் எழுத்தை மாற்றி 'அல்பா மாட்டர்', வெள்ளைத் தாய், என்றார் ஆக்கொம். என் நிறத்துப் பிள்ளைகளுக்கு அவள் பாலூட்டமாட்டாள் என்பது அதன் பொருள். லத்தீன் சொல்லித் தந்தவருக்கே அந்த லத்தீனில் பதில்!

அவரையும் கேள்வி கேட்காமல் விடக் கூடாது. கனெக்டிகட் அரசுடனான நில வழக்கில் மொஹீகன்கள் தோற்றார்கள். பிறகு அவரும் கூட்டாளிகளும் பல பூர்வகுடியினரைச் சேர்த்து, ஒனைடா மக்கள் தந்த நிலத்தில் பிரதர்டவுன் என்ற ஊரை அமைத்தார்கள். 1774ஆம் ஆண்டின் அந்த நிலப் பத்திரம், கறுப்பினக் கலப்புள்ளவர்களுக்கு அங்கே உரிமை இல்லை என்கிறது. அதே 1774இல், கறுப்பினக் கவிஞர் ஃபில்லிஸ் வீட்லி, கறுப்பின மக்களின் உரிமைக்காக ஆக்கொம் எழுதியதைப் பாராட்டி அவருக்குக் கடிதம் எழுதினார். 1787இல் ஆக்கொம் பிரசங்கத்தில் அடிமை வைத்திருப்போரைக் கண்டித்தார். கறுப்பின மக்களுக்காக எழுதிய ஆக்கொமை அந்தப் பத்திரம் மறைக்கக் கூடாது. அந்த எழுத்தைக் காட்டிப் பத்திரத்தையும் மறைக்க முடியாது.

1772இல் தூக்கிலிடப்பட்ட மோசஸ் பால் என்ற பூர்வகுடி மனிதர் முன்னிலையில் அவர் நிகழ்த்திய பிரசங்கம் உடனே அச்சாகிப் பல பதிப்புகள் கண்டது. குடியை விடச் சொல்லும், மனந்திரும்பச் சொல்லும் பூர்வகுடிப் போதகரை எல்லாரும் வாங்கிப் படித்தார்கள். 180 பவுண்டுக் கணக்கு 1982 வரை அச்சேறவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதி இருந்ததும் டார்ட்மவுத் கல்லூரியிலேதான். 2022 ஏப்ரலில்தான் ஆக்கொமின் தாள்களை அந்தக் கல்லூரி மொஹீகன் மக்களிடம் திருப்பிக் கொடுத்தது.